பெயர் பலகையில், கணக்கு அலமாரியில்: ஒரு பள்ளியின் நன்கொடை வசூல் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் 2023 ஜூன் முதல் 2024 ஜூன் வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். பள்ளி, ஊர், இல்லம், மாணவர் எவருடைய பெயரையும் எழுதவில்லை. அந்த ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தின் பொறுப்பும், பள்ளியே நடத்திவந்த மாணவர் மன்றத்தின் பொறுப்பும் என்னிடம் இருந்தன. நடந்த தவறுகளில் பெரும்பாலானவை என் கண்முன் நடந்தவை. சிலவற்றை நானே செய்தேன்.

ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏறத்தாழ 1,400 பேர் படிக்கும் பள்ளி. பெற்றோரில் பாதிக்கு மேல் தீப்பெட்டி, பட்டாசு, அச்சகத் தொழிலாளர்கள். மீதிப் பேர் சிறு கடைக்காரர்கள், சில அரசு ஊழியர்கள். நாட்டு நலப்பணித் திட்டம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் படை, மாணவர் மன்றம் என நான்கு குழுக்கள் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்காகப் பணம் திரட்டிக்கொண்டிருந்தன.

உதவி பெற்றவர்கள் ஏழு தரப்பினர். பக்கத்து ஊரில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லம், ஒரு தம்பதி தங்கள் வீட்டிலேயே நடத்தும் முதியோர் இல்லம், கண் சிகிச்சை முகாம் நடத்தும் ஓர் அறக்கட்டளை, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளி, வெளியூரிலிருந்து பிரதிநிதியை அனுப்பி வசூல் தாள் கொடுக்கும் ஒரு பெரிய தொண்டு நிறுவனம், டிசம்பர் 7 கொடிநாள் நிதி, காசநோய் ஒழிப்புக்கான முத்திரை வில்லை. இந்தப் பட்டியலை யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. ஒவ்வொரு தலைமையாசிரியர் காலத்திலும் ஒன்றிரண்டு சேர்ந்தன. சேர்ந்தது எதுவும் விலகியதில்லை.

வசூலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வகுப்புக் கரும்பலகையின் வலது ஓரத்தில் அதிகம் கொண்டுவந்த ஐந்து பேரின் பெயரும் தொகையும் எழுதப்படும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவர்களுக்குக் கைதட்டல் உண்டு. ஆண்டு விழாவில் முதல் வகுப்புக்குக் கேடயம். 2022-23 கல்வியாண்டில் 1 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய் திரண்டது. அதை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்.

ஆகஸ்ட், செப்டம்பர் 2023: ஒரு வசூல் தாள்

ஆகஸ்ட் மாதம் அந்தத் தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி வந்தார். கூட்டத்தில் இருபது நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார், பிள்ளைகள் சிலர் அழுதார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் இருபது வரிகள் கொண்ட தாள் ஒன்று கொடுக்கப்பட்டது. பெயர், தொகை, கையொப்பம். 500 ரூபாய் கொண்டுவந்தால் சான்றிதழ், 1,000 ரூபாய்க்குப் பதக்கம், அதற்கு மேல் கைக்கடிகாரம்.

மூன்றாவது வாரம், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருபது வரிகளையும் நிரப்பிக் கொண்டுவந்தாள். வரிக்கு 50 ரூபாய் வீதம் சரியாக 1,000 ரூபாய். அவளுடைய பெயரைப் பலகையில் முதலாவதாக எழுதியது நான்தான். அன்று வகுப்பாசிரியை விடுப்பு.

மறுநாள் வந்த வகுப்பாசிரியை தாளை எடுத்துப் பார்த்தார். இருபது பெயரும் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. கையொப்பங்களுக்கு மட்டும் பேனாவைச் சாய்த்துப் பிடித்து வேறு விதமாக எழுத முயன்றிருந்தாள். பதிமூன்றாவது வரியில் இருந்தது அவளுடைய தாத்தாவின் பெயர். ஜூலை மாதம் அவர் இறந்ததற்குத்தான் அவள் ஐந்து நாள் விடுப்பு எடுத்திருந்தாள். உறையில் இருந்தவை நான்காக மடித்த இரண்டு 500 ரூபாய்த் தாள்கள். ஒன்றின் மடிப்பில் மஞ்சள்தூள் ஒட்டியிருந்தது. இருபது வீடுகளில் ஐம்பது ஐம்பதாக வாங்கிய பணம் அப்படி வராது.

அவளைக் கூப்பிட்டு விசாரிக்கும் முன்பே அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்துவிட்டார். தீப்பெட்டி ஆலையில் வேலை பார்ப்பவர். மகளிர் குழுத் தவணைக்காக அடுக்களை டப்பாவில் வைத்திருந்த ஆயிரம் ரூபாயைக் காணவில்லை. “நேற்று ராத்திரி அடித்துவிட்டேன், டீச்சர். அப்புறம்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன் என்று சொன்னாள்” என்று வாசலிலேயே நின்றபடி சொன்னார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று இரண்டு முறை சொன்ன பிறகும் உட்காரவில்லை.

மகளிடம் நான் தனியாகப் பேசினேன். அவள் சொன்னது இவ்வளவுதான். முதல் வாரமே ஏழெட்டு வீடுகளுக்குப் போனாள். இரண்டு வீட்டில் பத்துப் பத்து ரூபாய் கொடுத்தார்கள். ஒரு வீட்டில், பிள்ளையைப் பிச்சைக்கு அனுப்புகிறார்களா என்று கேட்டார்கள். அதன் பிறகு அவள் எங்கும் போகவில்லை. வகுப்பில் தாளைத் திருப்பிக் கொடுக்காதவர்களை எழுந்து நிற்கச் சொன்ன நாளில் அவளோடு நின்றவர்கள் நான்கு பேர்.

பணம் அதற்குள் பிரதிநிதியின் கைக்குப் போய்விட்டது. மொத்தத் தொகைக்கு ஒரே ரசீது. தலைமையாசிரியையும் நானும் எங்கள் கையிலிருந்து 1,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தோம். அந்த அம்மா முதலில் வாங்க மறுத்தார். “கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் இவள் வகுப்பில் தலைநிமிர முடியாது” என்றார். செவ்வாய்க்கிழமை தவணை கட்டியாக வேண்டும் என்பதால் கடைசியில் வாங்கிக்கொண்டார். பலகையில் இருந்த பெயரை என்ன செய்வது என்று நாங்கள் வெகுநேரம் யோசித்தோம். அவள் பெயரை மட்டும் அழித்தால் அது இன்னொரு தண்டனை. எல்லா வகுப்புகளிலும் எல்லாப் பெயர்களையும் அன்று மாலையே அழிக்கச் சொன்னார் தலைமையாசிரியை. அந்த ஆண்டில் எடுத்த முதல் சரியான முடிவு அது.

செப்டம்பர் இறுதி: அலமாரியைத் திறந்தபோது

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு தலைமையாசிரியை கேட்டது எளிய கேள்வி: “போன ஆண்டு வந்த பணம் எங்கே போயிற்று என்று ஒரு தாளில் எழுதித் தர முடியுமா?” என்னால் முடியவில்லை. அலுவலக எழுத்தரும் நானும் நான்கு மாலைகள் உட்கார்ந்தோம். அலமாரியில் இருந்தவை மூன்று உறைகள், ஒரு ரப்பர் வளையம் போட்ட ரசீதுக் கட்டு, பாதியில் நின்றுபோன ஒரு குறிப்பேடு.

வரவு 1,62,000. உதவி பெற்றவர்கள் கொடுத்த ரசீதுகளைக் கூட்டினால் 1,31,000. இடைவெளி 31,000 ரூபாய். அதில் பஸ் வாடகை 9,500. இல்லங்களுக்குக் கொண்டுபோன சாப்பாடு 12,200. ஃபிளெக்ஸ் பலகை, சால்வை, நினைவுப் பரிசு வகையில் 4,800. மீதி 4,500 ரூபாய்க்குக் காகிதமே இல்லை. சிறப்புப் பள்ளிக் குழந்தைகளுக்குச் செருப்பு வாங்கியதாக ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நினைவுகூர்ந்தார், அப்படியே இருக்கலாம். யாரும் திருடவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கையை நிரூபிக்க என்னிடம் ஒரு தாள்கூட இல்லை.

சால்வை விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினருக்குப் போர்த்திய சால்வையின் விலை, ஒரு பிள்ளை வீட்டுக்கு வீடு ஏறி இறங்கி வாங்கிய பத்து ரூபாய்களிலிருந்து போயிருக்கிறது. கொடுத்த பிள்ளையின் பெயரை ஊரறியப் பலகையில் எழுதினோம்; பணத்தின் கணக்கை அலமாரியில் பூட்டினோம். இரண்டையும் தலைகீழாகச் செய்திருக்க வேண்டும் என்பது அந்த நான்காவது மாலையில்தான் எனக்கு விளங்கியது. பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவை.

அக்டோபர் 2, 2023: இல்லத்தில் ஒரு திங்கட்கிழமை

காந்தி ஜயந்தி அன்று குழந்தைகள் இல்லத்துக்குச் செல்வது பல ஆண்டு வழக்கம். ஏற்பாடுகள் முன்பே நடந்திருந்ததால் நிறுத்தவில்லை. ஒன்பது, பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் நாற்பது பேர், சாம்பார் சாதம், கேசரி, ஒரு பெட்டி நோட்டுப் புத்தகம்.

நாங்கள் போனபோது மணி பன்னிரண்டு. எங்களுக்கு முன்னால் ஒரு சங்கத்தினர் பரிமாறிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் பிறந்தநாள் கேக்கோடு காத்திருந்தது. அன்று மொத்தம் ஆறு இடங்களிலிருந்து மதியச் சாப்பாடு வந்ததாக இல்லக் கண்காணிப்பாளர் சொன்னார். ஒவ்வொரு குழு வரும்போதும் பிள்ளைகள் வரிசையில் உட்கார வேண்டும், கைகூப்ப வேண்டும், நன்றிப் பாட்டுப் பாட வேண்டும். முன்வரிசையில் எட்டு வயது இருக்கக்கூடிய ஒரு சிறுமி, நாங்கள் எதுவும் சொல்லும் முன்பே எழுந்து நின்று பாடத் தொடங்கினாள். அன்று அது அவளுக்கு மூன்றாவது முறை. இரண்டாவது அடியிலேயே குரல் கம்மிவிட்டது.

அதைவிடப் பெரிய தவறு சமையலறைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது. வரிசையில் ஒரு தட்டு ஆள் இல்லாமல் இருந்தது. எங்கள் மாணவன் ஒருவன் சாம்பார் வாளியை வைத்துவிட்டு என்னிடம் வந்து, “மிஸ், அவன் இங்கேதான் இருக்கிறான், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்” என்றான். எங்கள் பள்ளியில், இவனுடைய வகுப்பிலேயே படிக்கும் பையன். அந்த இல்லத்தில்தான் தங்கியிருக்கிறான். தன் வகுப்புத் தோழர்கள் பரிமாற வருகிறார்கள் என்று தெரிந்ததும் போய் ஒளிந்துகொண்டான். நான் அந்தப் பக்கம் போகவில்லை. போனால் அவன் இன்னும் சிறுத்துப்போவான் என்று தோன்றியது.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அந்த இல்லத்தின் முகவரியிட்ட மாணவர்கள் மூன்று பேர். வாரம் ஒருமுறையாவது அந்தப் பதிவேட்டைப் புரட்டும் ஆள் நான். இரண்டு தகவலையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

கிளம்பும் முன் கண்காணிப்பாளரிடம் பேசினேன். முப்பது நிமிடம் பேசியிருப்போம், பத்து ஆண்டுகளாகப் போய்வந்த இடத்தில் முதல் முறையாக, “உங்களுக்கு என்ன தேவை?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. பெண் பிள்ளைகளுக்கு சானிட்டரி நாப்கின், துணி சோப்பு, பள்ளி ஷூ, பத்தாம் வகுப்பில் இருக்கும் நான்கு பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். “சாப்பாடு வேண்டாம் என்று சொல்ல முடியாது அம்மா, வருகிறவர் மனம் நோகும். ஆனால் தீபாவளிக்கு ஒரு வாரம் கழித்து வந்து பாருங்கள், எட்டிப் பார்க்க ஆள் இருக்காது.”

படங்களைப் பற்றியும் அவர் சொன்னார். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிட இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு தடை விதிக்கிறது. எங்கள் ஆண்டு மலரில் அந்தப் பிள்ளைகளின் முகங்கள் மூன்று ஆண்டுகளாக அச்சாகியிருந்தன.

அக்டோபர், நவம்பர்: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆசிரியர் கூட்டம் இரண்டு முறை நடந்தது. முதல் கூட்டம் கசப்பாக முடிந்தது. போட்டியை நிறுத்துவதை ஒரு கணித ஆசிரியர் கடுமையாக எதிர்த்தார். வாய் திறக்காத பிள்ளைகள் வசூல் தாளோடு வெளியே போய்த்தான் பேசக் கற்றார்கள், பழைய மாணவர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள் என்றார். அது உண்மைதான். எனக்குத் தெரிந்தே அப்படி இருவர் உண்டு. ஆனால் கூச்சம் தெளிந்த இருவருக்காக, கூனிக் குறுகிய எத்தனை பேரை நாம் எண்ணாமல் விட்டோம் என்பதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. தெரியாத வீடுகளுக்குப் பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்பியதில் இருந்த ஆபத்தை ஒரு பெற்றோர் சொன்னபோது கூட்டம் அமைதியாகிவிட்டது.

முடிவானவை இவை. வசூல் தாளும் வீடு வீடாகப் போவதும் நிற்கும். பதக்கம், கேடயம், பெயர்ப் பட்டியல், வகுப்புவாரித் தொகை எதுவும் கிடையாது. மாணவர்களிடம் பணம் கேட்பது ஆண்டுக்கு மூன்று முறை மட்டும். வந்த பணமும் போன பணமும் அலுவலக வாசலில் உள்ள பலகையில் மாதந்தோறும் எழுதப்படும். விழாச் செலவும் பயணச் செலவும் இந்த நிதியிலிருந்து போகாது. இல்லத்துக்கு மாணவர் கூட்டமாகச் செல்வது நிறுத்தப்படும். பெரியவர் இருவர் போய் அவர்கள் கேட்ட பொருளைக் கொடுத்து வருவார்கள்.

பணத்தை எப்படி வாங்குவது என்பதில் சிக்கல் இருந்தது. உண்டியல் வைத்தாலும் யார் போடுகிறார், யார் போடவில்லை என்று வகுப்பே பார்க்கும். இதற்கு வழி சொன்னது பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவளுக்குச் சொன்னது அவளுடைய பாட்டி. எங்கள் வட்டாரத்தில் வியாபாரிகள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் மகமை வைத்தும் பிடியரிசி எடுத்தும் பள்ளி நடத்திய வரலாறு உண்டு. விருதுநகரில் காமராசர் படித்த பள்ளியே அப்படி நடந்ததுதான். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். வசதியான வீட்டுப் பிடியும் ஏழை வீட்டுப் பிடியும் ஒரே பானையில் சேர்ந்துவிடும். “பிடிக்குள் எத்தனை அரிசி என்று யார் எண்ணுவார்கள் என்று பாட்டி கேட்கிறார், மிஸ்” என்றாள்.

அப்படித்தான் பிடிப்பெட்டி வந்தது. மரப்பெட்டியின் வாயில் முழங்கை நீளத்துக்குத் துணிக்குழாய் தைத்தோம். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு, விரித்து, எடுக்க வேண்டும். கையில் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அனைவரும் கைவிட வேண்டும். வெறுங்கையோடு வந்தவனும் மற்றவர்களைப் போலவே நடந்து போய்த் திரும்புவான். எல்லா வகுப்புகளுக்கும் சேர்த்து ஒரே எண்ணிக்கை. இரண்டு மாணவர், ஒரு ஆசிரியர், ஒரு பெற்றோர் சேர்ந்து எண்ணிக் கையொப்பமிடுவார்கள்.

அடுத்தது ஏழு தரப்பையும் ஆராய்வது. ஒன்பது, பதினொன்றாம் வகுப்பு மாணவர் எட்டுப் பேர் கொண்ட குழு அமைத்தோம். பதிவுச் சான்று, கடைசி இரண்டு ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கு, கொடுப்பவருக்கு வரி விலக்கு கிடைக்க உதவும் வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவுச் சான்று, குழந்தைகள் இல்லமானால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின் கீழ் பதிவு ஆகியவற்றைக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி விலக்கு இல்லை, பொருளாகக் கொடுத்தாலும் இல்லை என்பதைப் பெற்றோருக்கு விளக்கியதும் அந்தக் குழுதான்.

குழந்தைகள் இல்லம், கண் சிகிச்சை அறக்கட்டளை, சிறப்புப் பள்ளி மூன்றும் பத்து நாளில் எல்லாவற்றையும் அனுப்பின. வசூல் தாள் கொடுத்த நிறுவனம் வண்ணப் படங்கள் நிறைந்த ஒரு சிற்றேட்டை அனுப்பியது, கணக்கு வரவில்லை. இரண்டாவது கடிதத்துக்கும் வரவில்லை. அதைப் பட்டியலிலிருந்து நீக்கினோம்.

முதியோர் இல்லம்தான் பிள்ளைகளைத் திணறவைத்தது. அந்தத் தம்பதியிடம் 80ஜி இல்லை, தணிக்கைக் கணக்கும் இல்லை. இருந்தது நீள்வாக்கில் மடித்த ஒரு நாற்பது பக்க நோட்டு. அரிசி, எண்ணெய், மாத்திரை, ஒவ்வொரு நாளும், ஐந்து ரூபாய் கறிவேப்பிலை வரை. ஒரு மாணவன் விதி விதிதான், நீக்க வேண்டும் என்றான். இன்னொருத்தி, பெரிய நிறுவனம் காட்டாததை இவர்கள் காட்டியிருக்கிறார்களே என்றாள். ஒரு மணி நேர வாதத்துக்குப் பிறகு, பணம் கொடுப்பதில்லை, அரிசியும் எண்ணெயும் நேராக வாங்கிக் கொடுப்பது, பதிவு பெறுவதற்கு உதவுவது என்று முடிவு செய்தார்கள். தணிக்கையாளராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பதிவு வேலையைக் கட்டணமின்றி ஏற்றுக்கொண்டார். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் கற்றதை எந்த வசூல் தாளும் கற்றுக்கொடுத்திருக்காது.

டிசம்பர் 7: முதல் பிடிப்பெட்டி

முப்படைகளின் கொடிநாள் 1949 முதல் டிசம்பர் 7 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது. பெட்டியைச் சோதித்துப் பார்க்க அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம். கொடி வேண்டும் என்பவர்கள் அனைவருக்கும் கொடி. எவ்வளவு போட்டார்கள் என்று கேட்கவில்லை.

முந்தைய ஆண்டு கொடிநாளுக்கு 21,000 ரூபாய் வந்திருந்தது. இந்த முறை 9,350. பாதிக்கும் குறைவு. தாளாளர் வருத்தப்பட்டார். கணித ஆசிரியர் எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால்கூடப் பதில் பேசியிருப்பேன், மௌனம்தான் கடினமாக இருந்தது.

ஒரு குறை உடனே தெரிந்தது. பெட்டியின் அடியில் காசு விழும் சத்தம் கேட்டது. சத்தம் கேட்காதபோது பின்வரிசைப் பையன்கள் சிலர் சிரித்தார்கள். மறுநாளே அடியில் பழைய போர்வையை மடித்துப் போட்டோம்.

டிசம்பர் 17, 18: வெள்ளமும் எங்கள் தடுமாற்றமும்

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் அந்த இரண்டு நாள் கொட்டிய மழையை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரயில் நின்றுபோனது. தாமிரபரணிக் கரை ஊர்கள் தண்ணீரில் கிடந்தன. எங்கள் மாணவர் பலருக்கு அங்கே உறவினர்கள்.

பழைய மாணவர்கள் லாரி ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார்கள். இன்றே ஏற்ற வேண்டும், கையில் கிடைப்பதை எல்லாம் திரட்டுங்கள் என்றார்கள். என்ன வேண்டும் என்று முதலில் கேட்பது என்ற எங்கள் விதியை அன்று நானே கைவிட்டேன். மழையில் மனிதர்கள் நிற்கும்போது விதி பேசுவது கல்மனம் என்று தோன்றியது.

மாலைக்குள் ஓவிய அறையில் 41 மூட்டைகள். பிரித்தபோது மனம் நொறுங்கியது. கிழிந்த சேலைகள், பொத்தானில்லாத சட்டைகள், ஒற்றைச் செருப்பு, கம்பளி ஸ்வெட்டர்கள், சரிகை கறுத்த கல்யாணக் கோட்டு. அனுப்பத் தகுந்தவை 15 மூட்டைகள். அந்த இரவுதான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவருடன் தொலைபேசித் தொடர்பு கிடைத்தது. அவர் கேட்டவை பாய், போர்வை, புது உள்ளாடை, நாப்கின், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. பழைய துணி வேண்டாம் என்று மூன்று முறை சொன்னார். ஏற்கெனவே அவர்கள் பள்ளித் திண்ணையில் குவிந்து நனைந்துகொண்டிருந்தது.

15 மூட்டைகளோடு தீப்பெட்டிப் பண்டல்களும், கடைவீதி வியாபாரிகள் கொடுத்த 120 பாய்களும் போயின. மீதி 26 மூட்டைகள் பதினொரு நாள் ஓவிய அறையில் கிடந்தன. பழைய துணி வியாபாரி 1,150 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். அந்த வரவும் பலகையில் ஏறியது. ஜனவரியில் அதே தலைமையாசிரியரிடம் பட்டியல் கேட்டு வாங்கி, அவருடைய பள்ளிப் பிள்ளைகள் 300 பேருக்கு நோட்டுப் புத்தகம் அனுப்பினோம். சிவகாசியை அடுத்து வைத்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு நோட்டு கிடைப்பது சிரமமில்லை. முதல் நாளே கேட்டிருந்தால் முதல் லாரியிலேயே போயிருக்கும்.

ஜனவரி முதல் ஏப்ரல் 2024 வரை: விளைவுகள்

கல்வியாண்டு முழுவதற்கும் திரண்டது 74,000 ரூபாய். முந்தைய ஆண்டின் பாதியைக்கூட எட்டவில்லை. இதை மறைப்பதற்கில்லை. சிறப்புப் பள்ளிக்குப் போன தொகை குறைந்தது. அவர்கள் ஒரு மாதம் இயன்முறை மருத்துவரை வாரம் இருமுறைக்குப் பதிலாக ஒருமுறை அழைக்க வேண்டியதாயிற்று. எங்கள் சீர்திருத்தத்தின் விலையை அந்தக் குழந்தைகள் கொடுத்தார்கள். அது தெரிந்த பிறகுதான் வேறு வழியில் பணம் ஈட்டும் முயற்சி தீவிரமானது.

அந்த முயற்சியை அச்சகங்கள் தொடங்கிவைத்தன. ஓரம் வெட்டி விழும் தாள்களை இரண்டு அச்சகத்தார் இலவசமாகக் கொடுத்தார்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சனிக்கிழமைகளில் அவற்றை அளவாக வெட்டி, தைத்து, அட்டை ஒட்டிக் குறிப்பேடுகள் செய்தார்கள். 640 குறிப்பேடுகள், ஒன்று 20 ரூபாய். 12,800 ரூபாய்க்கு விற்று, நூல், பசை, அட்டைச் செலவு 1,900 போக 10,900 நின்றது. மேலே சொன்ன 74,000 ரூபாயில் இதுவும் அடங்கும். விற்பனை மேசையில் நின்ற பிள்ளைகள் கூச்சமின்றிப் பேசியதைக் கணித ஆசிரியர் வந்து பார்த்தார். மறுவாரம் முதல் கணக்கு எழுதும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

உணவுத் திருவிழா நடத்தலாம் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. சுண்டலோ பணியாரமோ செய்து அனுப்ப வீட்டில்தான் செலவாகும். மீண்டும் அதே அடுக்களை டப்பா.

குழந்தைகள் இல்லத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வருக்கும் பழைய மாணவி ஒருவர் வாரம் மூன்று மாலை கணக்கு சொல்லிக்கொடுத்தார். நான்கு பேரும் தேர்ச்சி பெற்றார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்ற பையன் என்னிடம் அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் பேசவில்லை. அவன் வகுப்பாசிரியர் மூலம், இனி பள்ளியிலிருந்து யாரும் கூட்டமாக வர மாட்டார்கள் என்பதை மட்டும் தெரியப்படுத்தினோம். அன்று சாம்பார் வாளி தூக்கிய அவனுடைய வகுப்புத் தோழன் அந்த விஷயத்தை வகுப்பில் வேறு யாரிடமும் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் அந்தப் பக்குவம் எங்களுக்கு இருந்ததில்லை.

ஏழாம் வகுப்பு மாணவி ஜனவரி வரை எந்தக் குழுவிலும் சேரவில்லை. பிப்ரவரியில் குறிப்பேடு தைக்க இளஞ்செஞ்சிலுவைச் சங்கப் பிள்ளைகளையும் அழைத்தபோது வந்து உட்கார்ந்தாள். அவள் தையல் நேராக இருந்தது.

இனி மாற்றவேண்டியவை

மறுபடி தொடங்குவதாக இருந்தால், வசூலை நிறுத்தும் முன்பே மாற்று வருவாயை உறுதி செய்வேன். சிறப்புப் பள்ளிக்கு ஆறு மாத முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். நம்பி இருக்கும் இடத்துக்குத் திடீரென்று பணம் குறைவது, அங்கே உள்ளவர்கள் செய்யாத தவறுக்கான தண்டனை.

சேர்க்கைப் பதிவேட்டை ஜூன் மாதமே பார்ப்போம். எங்கள் மாணவர் வாழும் எந்த இல்லத்துக்கும் எங்கள் மாணவர் கொடையாளராகப் போகக் கூடாது. பேரிடர் காலத்துக்கு ஒரு பக்கப் பட்டியலைத் தயாராக வைத்திருக்கிறோம்: பாய், போர்வை, நாப்கின், மெழுகுவர்த்தி, புது உள்ளாடை, பழைய துணி பெறப்படாது என்று முதல் வரியிலேயே. அந்தப் பட்டியல் ஓவிய அறைக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது.

செல்பேசி வழியாகப் பணம் அனுப்பலாமா என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். அதில் பெயரும் தொகையும் பதிவாகும். எனவே பெற்றோர் கொடுக்க விரும்பினால் அந்தந்த அமைப்பின் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பச் சொல்கிறோம். ரசீதும் நேராக அவர்களுக்கே போகும். பள்ளியின் கை வழியாகப் போவது பிடிப்பெட்டிப் பணமும் குறிப்பேட்டுப் பணமும் மட்டுமே.

காசநோய் முத்திரை வில்லையும் கொடிநாளும் தொடர்கின்றன. தீபாவளி, காந்தி ஜயந்தி, குழந்தைகள் தினம் மூன்றிலும் எந்த இல்லத்துக்கும் சாப்பாடு அனுப்புவதில்லை என்ற முடிவை ஆண்டு இறுதிக் கூட்டத்தில் சேர்த்தோம்.

2024 ஜூன் இரண்டாவது வாரம் குழந்தைகள் இல்லத்திலிருந்து அந்த ஆண்டுக்கான தேவைப் பட்டியல் வந்தது. ஒரு தாள், நான்கு வரிகள். பள்ளி ஷூ 14 ஜோடி, அளவுகளோடு. துணி சோப்பு, மாதம் இரண்டு பெட்டி. கணக்கு டீச்சர் இந்த ஆண்டும் வர முடியுமா என்ற கேள்வி. நான்காவது வரியில், தீபாவளி முடிந்த மறுவாரம் ஒரு புதன்கிழமை பிள்ளைகளுக்கு முட்டைக் குழம்பு வைக்க முட்டை வேண்டும் என்று எழுதி, பக்கத்தில் எண்ணிக்கையும் போட்டிருந்தார்கள்: 62.